டிபெண்ட்ஸா, ரெக்கமெண்ட்ஸா, சஜெஸ்ட்ஸா? விருப்ப லைப்ரரிகளை டெபியன் பேக்கேஜில் எங்கே எழுதுவது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். போனில் எடுத்த புத்தகப் பக்கங்களைச் சேர்த்து, உள்ளே தேடக்கூடிய பிடிஎஃப் ஆக்கித் தரும் ஒரு பைத்தான் நிரல் எழுதியிருக்கிறீர்கள், இப்போது அதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவக்கூடிய பேக்கேஜ் செய்கிறீர்கள். படத்திலிருந்து எழுத்தை எடுக்க டெசராக்ட், ஐபோனின் ஹெச்இஐசி படங்களைத் திறக்க லிப்ஹெய்ஃப் மேல் ஓடும் ஒரு மாட்யூல், ஜன்னல் முகப்புக்கு க்யூட்டி. மூன்றும் இல்லாவிட்டாலும் நிரல் ஏதோ ஓர் அளவுக்கு ஓடும். ஒரு நண்பர் "எல்லாத்தையும் டிபெண்ட்ஸில் போடு, புகாரே வராது" என்கிறார், இன்னொருவர் "எல்லாத்தையும் சஜெஸ்ட்ஸில் தள்ளு, பேக்கேஜ் லேசா இருக்கும்" என்கிறார். ஒரு பேக்கேஜுக்கு வேண்டிய மற்ற பேக்கேஜ்களை எவ்வளவு அவசியம் என்று பிரித்து எழுதும் பட்டியல்கள் இவை. எதைக் கேட்பது?

என் பதில்: டெசராக்ட் ரெக்கமெண்ட்ஸில், ஹெச்இஐசி மாட்யூலும் ரெக்கமெண்ட்ஸில், க்யூட்டி முகப்பு தனி பேக்கேஜாக. தமிழ் உட்பட மற்ற மொழிகளின் டெசராக்ட் தரவு சஜெஸ்ட்ஸில். ஆனால் இதை அப்படியே எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள், ஏனென்றால் அந்த லைப்ரரி இல்லாத கணினியில் உங்கள் நிரல் இன்று என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் பதில் மாறும். கன்ட்ரோல் கோப்பில் (பேக்கேஜின் விவரங்களை எழுதும் கோப்பு) எழுதும் சொல் நிரலின் நடத்தையைச் சொல்கிற சொல்தான். நடத்தை சரியில்லை என்றால் முதலில் நிரலைத் திருத்த வேண்டும், கன்ட்ரோல் கோப்பு அப்புறம்.

டெபியன் பாலிசியின் ஏழாம் அத்தியாயம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு பேக்கேஜ் தன் வேலையில் குறிப்பிடத்தக்க பகுதியைச் செய்ய இன்னொன்று தேவை என்றால் டிபெண்ட்ஸ். வழக்கத்துக்கு மாறான சில இடங்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றால் ரெக்கமெண்ட்ஸ். சேர்த்துப் போட்டால் இன்னும் பயன்படும், ஆனால் அது இல்லாமல் இதை மட்டும் போடுவது முழுக்க நியாயமானதே என்றால் சஜெஸ்ட்ஸ். எதிர்த் திசையில் சொல்ல என்ஹான்சஸ் என்று ஒன்று உண்டு, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2009-ல் வந்த லென்னி என்ற டெபியன் பதிப்பு முதல், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் ரெக்கமெண்ட்ஸையும் கேட்காமலே சேர்த்து நிறுவுகிறது. அதனால் வீட்டுக் கணினியில் சாதாரணமாக இன்ஸ்டால் செய்கிறவருக்கு டிபெண்ட்ஸும் ரெக்கமெண்ட்ஸும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, பயனர் பின்னால் அந்த லைப்ரரியை நீக்க நினைத்தால் டிபெண்ட்ஸ் உங்கள் பேக்கேஜையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், ரெக்கமெண்ட்ஸ் விட்டுவிடும். இரண்டு, ரெக்கமெண்ட்ஸ் வேண்டாம் என்று அணைத்து வைத்திருப்பவர்கள்: சர்வர் பார்ப்பவர்கள், நிரலை அதன் சூழலோடு ஒரே கட்டாக்கும் டாக்கர் இமேஜ் கட்டுகிறவர்கள், அப்புறம் மூலக் குறிமுறையிலிருந்து பேக்கேஜ்களை உருவாக்கும் டெபியனின் சொந்த பில்ட் இயந்திரங்கள். உங்கள் பேக்கேஜை இன்னொரு பேக்கேஜ், தன்னை பில்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான பில்ட்-டிபெண்ட்ஸில் எழுதினால் அந்த பில்டில் உங்கள் ரெக்கமெண்ட்ஸ் எதுவும் இருக்காது. ஆக நீங்கள் ரெக்கமெண்ட்ஸ் என்று எழுதும்போது, "இது இல்லாமலும் என் நிரல் ஒழுங்காக நடந்துகொள்ளும்" என்று அவர்கள் எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கிறீர்கள்.

கிட்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், குறிமுறையின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும், எல்லோருக்கும் தெரிந்த பேக்கேஜ். டெபியனில் அது சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் (இணையதளங்களின் சான்றிதழைச் சரிபார்க்கும் கோப்புகள்), லெஸ் (நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டுவது), எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் (இன்னொரு கணினியோடு பாதுகாப்பாக இணைப்பது) ஆகியவற்றை ரெக்கமெண்ட்ஸில்தான் வைத்திருக்கிறது. டாக்கர் கோப்பில் ரெக்கமெண்ட்ஸை அணைத்து கிட் மட்டும் நிறுவி, உடனே ஹெச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து குளோன் செய்து பாருங்கள்: சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, சிஏ கோப்பு எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். இதில் எத்தனையோ பேர் முட்டிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் கோபத்தில் சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள், அது ஆபத்தான வேலை. அதற்காக சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸை டிபெண்ட்ஸுக்கு ஏற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. உள்ளூர் ரெபாசிட்டரி, எஸ்எஸ்ஹெச் வழி, நிறுவனத்துக்குள் சொந்தச் சான்றிதழ் என்று அது இல்லாமல் கிட்-ஐ முழுமையாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், பாலிசி சொல்லும் "வழக்கத்துக்கு மாறான இடம்" அதுதான். குறை அந்தப் பிழைச் செய்தியில் இருக்கிறது. கோப்பு இல்லை என்று சொல்கிறது, எந்த பேக்கேஜை நிறுவ வேண்டும் என்று சொல்லவில்லை.

இதே கேள்விக்கு, ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றாக மாற்றும் பாண்டாக் வேறு விடை வைத்திருக்கிறது. அது பிடிஎஃப் உருவாக்க வழக்கமாக லேடெக் என்ற அச்சுக்கோப்பு எஞ்சின் வேண்டும், ஆனால் டெபியனில் அந்த எஞ்சினைத் தரும் டெக்லைவ் பேக்கேஜ்கள் சஜெஸ்ட்ஸில்தான். பாண்டாக் மாற்றித் தரும் வடிவங்கள் எத்தனையோ, அதில் பிடிஎஃப் ஒன்று. மார்க்டவுனை ஹெச்டிஎம்எல் ஆக்க வந்தவர் தலையில் நூற்றுக்கணக்கான எம்பி டெக்லைவைக் கட்டுவது நியாயமில்லை. பிடிஎஃப் கேட்டு எஞ்சின் இல்லாவிட்டால், பிடிஎஃப்லேடெக் கிடைக்கவில்லை, அதை நிறுவுங்கள் அல்லது வேறு எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டு நிற்கிறது. அந்த ஒரு வரி இருப்பதால்தான் சஜெஸ்ட்ஸ் அங்கே தாங்குகிறது.

இன்னொரு பக்கம் எம்டிஅட்மின். வட்டு வரிசைகளை நிர்வகிக்கிற அந்த பேக்கேஜ் ஒரு மெயில் சர்வரை ரெக்கமெண்ட் செய்கிறது, "மடிக்கணினியில் ரெய்டு போட்டால் எதற்கு மெயில் சர்வர் வருகிறது" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு வட்டு செத்துப்போனதை அது உங்களுக்குத் தெரிவிக்கும் வழக்கமான வழி மெயில்தான், மெயில் போக வழியில்லை என்றால் இரண்டாவது வட்டும் போகிற வரை உங்களுக்குத் தெரியாமலே போகலாம். இல்லாமை சத்தமில்லாமல் கேடு செய்யும் இடத்தில் வலுவான டிபெண்டன்சி வைப்பதில் தப்பே இல்லை.

இந்தச் சத்தமில்லாத இல்லாமைதான் உங்கள் நிரலில் எனக்குப் பெரிய கவலை. டெசராக்ட் பேக்கேஜ் ஆங்கிலத் தரவையும் பக்கத் திசை பார்க்கும் தரவையும் டிபெண்ட்ஸிலேயே வைத்திருக்கிறது, தமிழ் தனி பேக்கேஜ். நீங்கள் மொழியைக் குறிப்பிடாமல் டெசராக்டை அழைத்தால் அது ஆங்கிலம் என்றே எடுத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தை ஏதேதோ ரோமன் எழுத்துக் குப்பையாக மாற்றிவிட்டு, எந்தப் புகாரும் சொல்லாமல் முடிக்கும். பயனர் இருநூறு பக்கப் புத்தகத்தை ஓட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் தேடும்போதுதான் உள்ளே எதுவும் இல்லை என்பதைக் காண்பார். தமிழ் என்று குறிப்பிட்டு, தரவு இல்லாதிருந்தால் டெசராக்ட் உடனே பிழை சொல்லி நின்றுவிடும், அது எவ்வளவோ மேல். ஆகவே மொழியைப் பயனரிடம் கேளுங்கள், நிறுவியிருக்கிற மொழிகளின் பட்டியலை டெசராக்டே தரும், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முதல் பக்கத்தைத் தொடும் முன்பே சொல்லுங்கள். இதைச் செய்துவிட்டால் மொழித் தரவு நிம்மதியாக சஜெஸ்ட்ஸில் இருக்கலாம். செய்யாவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் பயனில்லை. தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே நீங்கள் இதைச் செய்கிறீர்கள், பேக்கேஜ் விளக்கத்திலும் அப்படித்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் தமிழ்த் தரவை ரெக்கமெண்ட்ஸுக்கு ஏற்றிவிடுங்கள். பேக்கேஜின் பெயரும் விளக்கமும் பயனரிடம் எதைச் செய்வதாகச் சொல்கின்றனவோ, அது முதல் நாளே நடக்க வேண்டும்.

ஹெச்இஐசி மாட்யூலையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புது ஐபோன்கள் கேமரா படங்களை ஹெச்இஐசி-யாகத்தான் வழக்கமாகச் சேமிக்கின்றன. பொதுவான ஒரு படத் தொகுப்பு நிரல் என்றால் சஜெஸ்ட்ஸ் போதும் என்பேன். உங்களுடையது போன் படங்களை நம்பியே இருக்கிறது, பயனர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு முதல் கோப்பே திறக்காமல் போய்விடும். அதே சமயம் ஜேபெக் மட்டும் வைத்திருப்பவருக்கு அது தேவையே இல்லை, அதனால் டிபெண்ட்ஸும் இல்லை.

இந்தத் தேர்வெல்லாம் உங்களுக்குக் கிடைப்பதே நீங்கள் பைத்தானில் எழுதுவதால்தான். சி-யில் எழுதி லைப்ரரியை நேரடியாக லிங்க் செய்தால் தேர்வு என்ற பேச்சே கிடையாது: பைனரியின் (ஓடும் நிரல் கோப்பின்) எல்ஃப் தலைப்பில், அதாவது அதன் விவரப் பகுதியில், அந்த லைப்ரரியின் பெயர் எழுதப்பட்டுவிடும், நிரல் தொடங்கும்போதே அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அந்த லைப்ரரியைத் தேடும், இல்லையென்றால் உங்கள் மெயின் ஃபங்ஷனின் முதல் வரிகூட ஓடாது. பில்ட் செய்யும்போது "விருப்பம்" என்று இருந்தது, பில்ட் முடிந்ததும் கட்டாயமாகிவிடுகிறது. டெபியனின் ஷ்லிப்டெப்ஸ் கருவி அந்தத் தலைப்பைப் படித்து டிபெண்ட்ஸை எழுதிவிடும், அது சரியாகத்தான் செய்கிறது. அந்த வரியைக் கையால் ரெக்கமெண்ட்ஸுக்கு மாற்றி "லேசாக்கிவிட்டேன்" என்று நினைப்பது நேர்மையில்லாத பேக்கேஜிங். உண்மையிலேயே விருப்பமாக்க வேண்டுமென்றால் அந்த அம்சத்தைத் தனி பிளகினாகப் பிரித்துத் தனி பேக்கேஜில் வையுங்கள், அல்லது ஓடும் நேரத்தில், தேவைப்படும்போது லைப்ரரியைத் திறக்கும் டிஎல்ஓப்பன் அழைப்பு மூலம் ஏற்றுங்கள்.

சிறிய விஷயத்துக்கு வலுவான டிபெண்டன்சி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்து 29-ஆம் தேதி வெளியிட்டார். அந்தக் கதவு குறிவைத்தது எஸ்எஸ்ஹெச் சர்வரை. அந்த சர்வரைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், எக்ஸ்இசட்-இன் எல்இசட்எம்ஏ லைப்ரரியைப் பயன்படுத்துவதே இல்லை! அப்புறம் எப்படி உள்ளே வந்தது? டெபியன் உள்ளிட்ட சில டிஸ்ட்ரோக்கள், சர்வர் தயாராகிவிட்டது என்று சிஸ்டம்டி-க்கு (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) சொல்ல ஒரு சின்ன அழைப்புக்காக லிப்சிஸ்டம்டி-யை எஸ்எஸ்ஹெச் சர்வரோடு லிங்க் செய்திருந்தன, லிப்சிஸ்டம்டி தன் வேறு ஏதோ வேலைக்காக எல்இசட்எம்ஏ-வை லிங்க் செய்திருந்தது. ஒரு சாக்கெட்டில் ஒரு வரி எழுதும் வேலைக்கு ஒரு சுருக்க லைப்ரரி முழுவதும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் செயலிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அந்த அறிவிப்பைத் தன் சொந்தக் குறிமுறையிலேயே எழுதிக்கொண்டது, சிஸ்டம்டி 256 பதிப்பில் அந்தச் சுருக்க லைப்ரரிகளைத் தேவைப்படும்போது மட்டும் டிஎல்ஓப்பன் செய்யும்படி ஆக்கியிருக்கிறார்கள். (அந்த மாற்றம் பின்கதவு வெளியே வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.)

டிஎல்ஓப்பனுக்கும் விலை உண்டு. எல்ஃப் தலைப்பில் பெயர் இல்லாததால் ஷ்லிப்டெப்ஸுக்கு அது தெரியாது, டிபெண்டன்சியை நீங்களே கையால் எழுத வேண்டும். நாளைக்கு அந்த லைப்ரரியின் எஸ்ஓ எண் (கோப்புப் பெயரில் வரும் பதிப்பு எண்) ஐந்திலிருந்து ஆறாக மாறினால், மற்ற பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி பில்ட் செய்தால் போதும், உங்களுடையது மட்டும் பழைய பெயரையே தேடிக்கொண்டு அந்த அம்சம் இல்லாமலே அமைதியாக ஓடும். இதற்காகத்தான் சிஸ்டம்டி-காரர்கள், எதை டிஎல்ஓப்பன் செய்கிறோம், அது கட்டாயமா பரிந்துரையா ஆலோசனையா என்ற தகவலை எல்ஃப் கோப்பிலேயே ஒரு குறிப்பாகப் பதிக்கும் முறையை 256-இல் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு, சி-யில் எழுதுகிறவர்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூட்டியைத் தனி பேக்கேஜாக்கச் சொன்னதற்குக் காரணம், கட்டளைவரியில் மட்டும் பயன்படுத்துகிறவர்களும் ஜன்னலில் மட்டும் பயன்படுத்துகிறவர்களும் வேறு வேறு ஆட்கள். முகப்பு பேக்கேஜில் க்யூட்டி தயங்காமல் டிபெண்ட்ஸ். மெனுவில் தெரியும் டெஸ்க்டாப் கோப்பும் அதில்தான் போக வேண்டும், இல்லையென்றால் க்யூட்டி இல்லாதவர் மெனுவில் ஐகானை அழுத்திவிட்டு எதுவும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பார். ஆனால் இருபது வரி ஸ்கிரிப்டுக்கெல்லாம் தனி பேக்கேஜ் பிரிக்காதீர்கள், ஒவ்வொரு புது பேக்கேஜும் டெபியனின் பேக்கேஜ் பட்டியலில் இடம் பிடிக்கிறது, எல்லோரும் அதை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இப்போது பைத்தானுக்கே உரிய ஒரு சிக்கல். பைத்தான் நிரலின் விவரங்கள் இருக்கும் பைப்ராஜெக்ட் கோப்பில் முதன்மை டிபெண்டன்சிகளில் எழுதியதையெல்லாம் டெபியனின் பைத்தான் கருவி டிபெண்ட்ஸாக மாற்றிவிடும். டெசராக்டை அழைக்கும் மாட்யூல் அங்கே இருந்தால், கன்ட்ரோல் கோப்பில் நீங்கள் ரெக்கமெண்ட்ஸ் என்று எழுதியதற்கு அர்த்தமே இருக்காது. விருப்பமானதை விருப்ப டிபெண்டன்சிகள் பகுதிக்கு மாற்றுங்கள், கோப்பின் தலையில் இருக்கும் இம்போர்ட்டை அந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷனுக்குள் கொண்டுபோங்கள். பைத்தானின் சொந்த நிறுவும் கருவியான பைப்பில் நிறுவுகிறவர் சதுர அடைப்புக்குள் கேட்டால்தான் விருப்பப் பகுதி வரும், கேட்காமல் வரும் ரெக்கமெண்ட்ஸுக்குச் சமமான ஏற்பாடு அங்கே இல்லை. அதனால் இரண்டு உலகத்திலும் ஒரே பட்டியலை அப்படியே நகலெடுக்க முடியாது, அதில் தவறும் இல்லை.

இல்லாத லைப்ரரியைப் பற்றிச் செய்தி சொல்வதை, அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பாண்டாஸைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்: எக்செல் கோப்பைத் திறக்கச் சொன்னால் ஓப்பன்பைஎக்செல் என்ற விருப்ப லைப்ரரி இல்லை, பைப் அல்லது கோண்டா (இன்னொரு நிறுவும் கருவி) மூலம் நிறுவிக்கொள்ளுங்கள் என்று பெயரோடு சொல்லும். ஆனால் டெபியன் 12 முதல் கணினியின் பைத்தானுக்குள் பைப் நேரடியாக நிறுவ மறுத்துவிடுகிறது, ஆகவே அந்த அறிவுரையை நம்பிப் போகிறவர் இன்னொரு சுவரில் முட்டுவார். உங்கள் டெபியன் பேக்கேஜில் ஒரு சின்ன பேட்ச் வைத்து, ஆப்ட் மூலம் நிறுவ வேண்டிய பேக்கேஜின் பெயரையே செய்தியில் எழுதுங்கள். பேக்கேஜ் செய்கிற நாம் பயனருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் அது ஒன்று, அதற்கு ஆவதோ அரை மணி நேரம்.

பதிப்பு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது, அனுபவம் உள்ளவர்களே விழுவார்கள். ரெக்கமெண்ட்ஸில் ஒரு லைப்ரரியை "2.0 அல்லது அதற்கு மேல்" என்று எழுதுகிறீர்கள். கணினியில் ஏற்கெனவே 1.8 இருக்கிறது. ரெக்கமெண்ட்ஸ் நிறைவேறாவிட்டாலும் உங்கள் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிவிடும், நிரல் 1.8-ஐக் கண்டு "இருக்கிறதே" என்று நினைத்து ஏற்றும், பிறகு நடுவில் வெடிக்கும். பழைய பதிப்போடு உண்மையிலேயே ஒத்துப்போகாது என்றால் ரெக்கமெண்ட்ஸோடு நிற்காமல், 2.0-க்குக் கீழான பதிப்புகளோடு சேர்ந்து இருக்க முடியாது என்று சொல்லும் பிரேக்ஸ் வரியும் எழுதுங்கள்.

அப்புறம், டெபியனின் கட்டற்ற மென்பொருள்களுக்கான மெயின் பகுதியில் இருக்கும் பேக்கேஜ் மெயினுக்கு வெளியே உள்ள எதையும் டிபெண்ட்ஸிலோ ரெக்கமெண்ட்ஸிலோ கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டற்றதல்லாத (நான்-ஃப்ரீ) கோடெக் ஏதாவது சேர்க்க நினைத்தால் சஜெஸ்ட்ஸ்தான் எல்லை.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? சுத்தமான ஒரு சிஹெச்ரூட்டில் (கணினிக்குள்ளேயே தனித்து வைத்த ஒரு டெபியன் சூழல்) ரெக்கமெண்ட்ஸை அணைத்துவிட்டு உங்கள் பேக்கேஜை நிறுவி, ஒவ்வொரு கட்டளையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீளமான டிரேஸ்பேக் (பைத்தானின் பிழை விவரம்) எங்கே வந்தாலும் அங்கே வேலை பாக்கி. நிறுவிய பேக்கேஜைத் தானாகச் சோதிக்கும் டெபியன் கருவியான ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் இதற்கு வாகானது, சொல்லாவிட்டால் அது ரெக்கமெண்ட்ஸை நிறுவாது, ஆகவே ஒரு சோதனையை அப்படியே விட்டு அடிப்படை வேலைகளைப் பாருங்கள், இன்னொன்றில் ரெக்கமெண்ட்ஸையும் கேட்டு வாங்கி எழுத்து எடுப்பதைச் சோதியுங்கள். முதல் சோதனை நாளைக்கு யாரோ ஒருவர் இம்போர்ட்டை மறுபடி கோப்பின் தலைக்கு நகர்த்தினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

மற்ற டிஸ்ட்ரோக்களுக்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால்: ஃபெடோராவின் பேக்கேஜ் முறையான ஆர்பிஎம்மிலும் 2014-க்குப் பிறகு இதே பெயர்களில் பலவீன (கட்டாயமில்லாத) டிபெண்டன்சிகள் உண்டு, அதன் நிறுவும் கருவியான டிஎன்எஃப் ரெக்கமெண்ட்ஸை வழக்கமாக நிறுவும். ஆர்ச் லினக்ஸில் விருப்பப் பட்டியல் தானாக நிறுவப்படாது, ஆனால் ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு வரி விளக்கம் எழுத இடம் இருக்கிறது, இன்ஸ்டால் முடிந்ததும் திரையில் காட்டும். டெபியனில் அந்த வசதி இல்லாதது எனக்குக் குறைதான். அதனால் பேக்கேஜ் விளக்கத்தின் கடைசியில் "தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த பேக்கேஜ், ஐபோன் படங்களுக்கு இது" என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

முதல் பதிப்பிலேயே எல்லாம் சரியாக அமைய வேண்டும் என்று தயங்க வேண்டாம், பின்னால் மாற்றலாம். சஜெஸ்ட்ஸிலிருந்து ரெக்கமெண்ட்ஸுக்கு ஏற்றுவதில் யாருக்கும் எதுவும் உடையாது, அதிகம் போனால் இடம் கொஞ்சம் கூடும். டிபெண்ட்ஸிலிருந்து இறக்கும்போது மட்டும், உங்கள் பேக்கேஜை நம்பி வேறு எவை இருக்கின்றன என்று ஆப்ட் ஆர்டிபெண்ட்ஸ் கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தங்களுக்கு வேண்டிய லைப்ரரியைத் தாங்களே எழுதாமல் உங்கள் வழியாக வந்துவிடும் என்று விட்டிருப்பவர்கள் இருப்பார்கள், இறக்குவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு பக் ரிப்போர்ட் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே நிறுவியிருக்கிற பயனர்களைப் பற்றிக் கவலை இல்லை: தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை வழக்கமான அமைப்பில் ரெக்கமெண்ட்ஸையும் சஜெஸ்ட்ஸையும் மதிக்கும், அவர்கள் கணினியில் இருக்கும் டெசராக்ட் அங்கேயே இருக்கும்.